பச்சை மரத்தில் இரும்பு முள்ளா?



மரம் நடுவதன் சிறப்பைப் பற்றி ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்கும்போது ஜும்ஆ மேடைகளில் பயான் செய்கிறோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியின் கருத்தை அறியாத வீடு நம்மில் இல்லை. கியாமத் நாள் நெருங்கிவிட்ட வேளையிலும் கையில் கன்று இருந்து, நட முடியுமானால் நட்டுவிட வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும் கேட்டிருக்கிறோம். ஆனால், நட்டு, வளர்ந்து, காய்த்து நிற்கும் மரத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் பேசியதில்லை. பேசவேண்டிய நிலை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் என் தவறும் அடங்கியிருக்கிறது.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் மார்க்கப் பணி ஆற்றி வருகிறேன். பள்ளியின் பின்புறம் வக்ஃபுக்குச் சொந்தமான சிறிய தென்னந்தோப்பு உண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் அடித்த கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னைகளை என்ன செய்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலட்சக்கணக்கான மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. எங்கள் தோப்பில் நின்ற பதினேழு மரங்களில் ஒன்பது மட்டுமே எஞ்சின. எஞ்சியவற்றை அல்லாஹ் நமக்குத் திருப்பிக் கொடுத்த அமானிதமாகவே எங்கள் ஜமாஅத்தார் கருதினார்கள்.

அந்த மரங்களில் நாற்பது ஆண்டுகளாகத் தளைக்கயிறு போட்டு ஏறி வந்த பெரியவர் ஒருவர், முழங்கால் தேய்ந்துவிட்டது என்று சொல்லி அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மரமேற ஆள் கிடைக்காமல் இரண்டு பறிப்புகள் தவறின. காய்ந்த மட்டைகளும் நெற்றுகளும் ஒளூச் செய்யும் இடத்தருகே விழத் தொடங்கின. ரமளான் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது வெளியூரிலிருந்து இருவர் வந்தார்கள். காலில் வார் போட்டுக் கட்டிக்கொள்ளும் இரும்புச் சட்டமும், அதன் உட்புறத்தில் கூரிய முள்ளும் கொண்ட கருவி அவர்களிடம் இருந்தது. முள்ளை மரத்தில் குத்திக் குத்தி ஏணியில் ஏறுவதுபோல் ஏறினார்கள். ஒன்பது மரங்களையும் அரை நாளில் முடித்துவிட்டார்கள். “இப்படிச் செய்யலாமா அஜரத்து?” என்று பொருளாளர் என்னிடம் கேட்கத்தான் செய்தார். “நோன்புக்குள் முடிந்தால் சரி” என்றேன். மார்க்கம் கற்றவன் என்று மதித்துக் கேட்ட கேள்விக்கு, கடிகாரத்தைப் பார்த்து விடை சொன்னேன்.

ஓராண்டில் நான்கைந்து முறை அவர்களே வந்து ஏறினார்கள். அடுத்த ஆண்டு இரண்டு மரங்களின் நடுத்தண்டில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வழியத் தொடங்கியது. ஒன்றில் துளை வழியே மென்று துப்பியதுபோல் நார் வெளியே வந்து கிடந்தது. பழைய மரமேறிப் பெரியவரை அழைத்துவந்தோம். அவர் மரத்தில் காதை வைத்துச் சற்று நேரம் கேட்டார். பிறகு என்னையும் வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே புழு கடிக்கும் ஓசை நன்றாகக் கேட்டது. “அஜரத்து, மனுசனுக்குப் புண்ணு ஆறிப்போகும். தென்னைக்கு ஆறாதுங்க. ஓட்டை போட்டா அது போட்டபடியே இருக்கும்” என்றார். அந்த மரம் கொண்டை சாய்ந்து போயிற்று. வெட்டி அகற்றினோம்.

இதற்கு முள் ஒன்றே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். புயலில் அடிபட்ட மரங்களைக் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் தேடி வந்து தாக்குவதும் உண்டு. ஆனால், பெரியவர் சொன்னது வெறும் அனுபவப் பேச்சு அன்று. தாவர நூல் கற்றோரும் அதையேதான் சொல்கிறார்கள் என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

வேம்பு, மா, புங்கன் போன்ற மரங்களில் பட்டைக்குக் கீழே வளர்திசு என்னும் மெல்லிய ஏடு ஒன்று இருக்கிறது. மரம் ஆண்டுதோறும் பருப்பது அதனால்தான். காயம் பட்டால் விளிம்பிலிருந்து புதுத் திசு வளர்ந்து காயத்தை மூடுவதும் அதன் வேலையே. அப்படி மூடினாலும் உள்ளே பட்ட காயம் மறைந்துவிடுவதில்லை. நம் தோல் ஆறுவதுபோல் மரம் ஆறுவதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் மேலும் பரவாமல் அடைத்துவைக்கிறது. இதை அமெரிக்க நாட்டு வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்னும் ஆராய்ச்சியாளர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, 1977இல் ஒரு கோட்பாடாகவே வெளியிட்டார். ஒவ்வொரு காயத்துக்கும் மரம் தன் சேமிப்பிலிருந்து செலவழித்துச் சுவர் கட்டுகிறது. காயங்கள் பெருகினால் சேமிப்பு கரைகிறது.

தென்னை, பனை, பேரீச்சை ஆகியவற்றுக்கோ அந்த வளர்திசு ஏடே கிடையாது. அவற்றின் தண்டு ஒருமுறை உருவானால் உருவானதுதான். காயத்தை மூடப் புதுத் திசு வளர்வதில்லை. ஐந்து வயதில் பட்ட காயம் ஐம்பது வயதிலும் மரத்தில் தெரியும். தளைக்கயிறு போட முடியாதவர்களின் வசதிக்காகத் தண்டில் அரிவாளால் படி வெட்டிவைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்து வருகிறது; அந்தப் படிகளில் மழைநீர் தேங்கிக் கறுத்துக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கூன்வண்டின் பெட்டை முட்டையிடத் தேடுவது இத்தகைய காயங்களையே. முட்டையிலிருந்து வரும் புழு தண்டின் உட்சோற்றைத் தின்றுகொண்டே போகிறது. வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சாறு வடிதல் நோய்க்குக் காரணமான பூஞ்சையும் காயங்கள், வெடிப்புகள் வழியாகவே நுழைகிறது. ஆகவேதான் தென்னையின் தண்டில் காயம் ஏற்படுத்தாதீர்கள், படி வெட்டாதீர்கள், பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டை ஒட்டி வெட்டாமல் நான்கடி விட்டு வெட்டுங்கள் என்று வேளாண்மைத் துறையினர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

படி வெட்டுவதைவிட முள் நல்லது, துளை சிறியதுதானே என்று எங்கள் ஊரில் ஒருவர் வாதாடினார். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பதடி உயரமுள்ள மரத்தில் அடிக்கு ஒரு குத்து என்று வைத்தாலும் ஏறும்போது நாற்பது, இறங்கும்போது நாற்பது. ஆண்டுக்கு ஆறு பறிப்பு என்றால் ஒரே மரத்தில் ஏறத்தாழ ஐந்நூறு துளைகள். வெட்டிய படியில் அடுத்த முறையும் கால் வைக்கலாம். முள்ளோ ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் இறங்குகிறது. இரண்டுமே தீங்குதான், ஆனால் சிறிய துளை என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை.

இந்தக் கருவி முதலில் எதற்காகத் தோன்றியது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தந்திக் கம்பிகளையும் மின் கம்பிகளையும் தாங்கிய மரக்கம்பங்களில் ஏறுவதற்கும், வெட்டிச் சாய்க்கப்போகும் காட்டு மரங்களில் ஏறுவதற்கும் மேல்நாட்டார் இதைப் பயன்படுத்தினர். கம்பம் செத்த மரம். வெட்டப்போகும் மரம் சாகப்போகும் மரம். அவற்றில் துளை விழுந்தால் யாருக்கும் நட்டமில்லை. செத்த மரத்துக்கான கருவியை உயிருள்ள மரத்துக்குக் கொண்டுவந்ததில்தான் பிழை நேர்ந்தது. அந்த நாட்டாரே இதை உணர்ந்து, உயிருள்ள மரத்தில் கிளை கழிக்க ஏறும்போது முள் பயன்படுத்தலாகாது என்று தங்கள் தொழில் நெறிமுறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். விதிவிலக்குகளும் உண்டு. கயிறு எறிந்து ஏற முடியாதவாறு கிளைகள் மிகத் தொலைவில் இருந்து, வேறு வழியே இல்லாதபோது ஏறலாம். பட்டை மிகத் தடித்து உள்ளேடு வரை முள் எட்டாதபோது ஏறலாம். மரத்தின் மேலே அடிபட்டுத் தொங்குகிறவரைக் காப்பாற்ற ஏறுவதையும் அத்தொழிலில் யாரும் குறை கூறுவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. மதரஸாவில் நாங்கள் ஓதிய ஃபிக்ஹு விதிகளின் சாயல் அதில் அப்படியே இருந்தது. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும் என்று நம் இமாம்கள் வகுத்தார்கள். மக்கா வெற்றியின்போது அந்தப் புனித எல்லைக்குள் முள்செடியைக்கூட வெட்டலாகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். உடனே அப்பாஸ் (ரலி) அவர்கள் எழுந்து, இத்கிர் என்னும் புல் எங்கள் கொல்லர்களுக்கும் வீடுகளுக்கும் வேண்டியிருக்கிறதே என்று முறையிட்டார்கள். அந்தப் புல்லுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. தேவை எதுவோ அதற்கு வழி விடப்பட்டது. தேவையைக் காட்டி எல்லாவற்றுக்கும் வழி திறக்கப்படவில்லை. நம் ஷாஃபிஈ மத்ஹபில் ஹரமின் எல்லைக்குள் பெரிய மரத்தை வெட்டியவர் மாடும், சிறிய மரத்தை வெட்டியவர் ஆடும் பரிகாரமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் தோப்பு ஹரம் அன்று. அந்தச் சட்டம் இங்கே பொருந்தாது. ஆயினும் ஒரு மரத்துக்கு நேர்ந்த தீங்கை எடைபோட்டு விலை நிர்ணயித்த மார்க்கம் நம்முடையது என்பதை அதிலிருந்து அறிந்துகொள்ளலாம் அல்லவா?

‘மரத்தை வெட்டுவதற்கே மார்க்கத்தில் அனுமதி உண்டு. பனூ நளீர் போரின்போது பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டதைத் திருமறையின் 59ஆவது அத்தியாயமே குறிப்பிடுகிறது. துளை போடுவதா பெரிய பாவம்?’ என்று சிலர் கேட்கலாம். அந்த வசனம் அது இறைவனின் அனுமதியோடு நடந்தது என்றே சொல்கிறது. மனம்போல் வெட்டிக்கொள்ள எவருக்கும் உரிமைச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது கனி தரும் மரத்தை வெட்டலாகாது என்று தளபதிக்குக் கட்டளையிட்டார்கள். இலந்தை மரத்தை வெட்டுபவரைக் கடுமையாக எச்சரிக்கும் ஹதீஸுக்கு இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள் விளக்கம் கூறும்போது, வழிப்போக்கரும் கால்நடையும் நிழலுக்கு ஒதுங்கும் மரத்தை எந்த உரிமையுமின்றி வீணாக வெட்டுபவரையே அது குறிக்கிறது என்றார்கள். ஆக, பயனுக்காக ஒரு மரத்தை வெட்டுவது ஒன்று. வீணாக அழிப்பது வேறொன்று. மரத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டும், அதன் காயைத் தின்னவும் வேண்டும், ஆனால் ஏறும் வேலையை எளிதாக்கிக்கொள்ள அதன் உடலைக் கெடுக்கவும் வேண்டும் என்பது இவ்விரண்டில் எதிலும் சேராது. வெட்டி வீடு கட்டினாலாவது பயன் உண்டு. இதில் என்ன பயன்? அரை மணி நேரம் மிச்சம்.

எல்லாப் பொருளிலும் நேர்த்தியை அல்லாஹ் கடமையாக்கியிருக்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். அந்த ஹதீஸ் உடனே எதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது? அறுப்பதை! உயிரை எடுக்கும் வேளையிலும் கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்கிறது. உயிரைப் போக்குவதிலேயே நேர்த்தி கடமை என்றால், உயிரோடு வைத்துப் பராமரிப்பதில் எவ்வளவு நேர்த்தி வேண்டும்? மற்றொன்றையும் நினைவூட்டுகிறேன். முகத்தில் சூடு போடப்பட்ட ஒரு கழுதையைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள் அதைச் செய்தவனைச் சபித்தார்கள். அதே பெருமானார் அவர்கள் ஸகாத் ஒட்டகங்களுக்குத் தம் கையாலேயே அடையாளச் சூடு இட்டதை அனஸ் (ரலி) அவர்கள் நேரில் கண்டு அறிவித்திருக்கிறார்கள். இரும்பு ஒன்றுதான், நெருப்பும் ஒன்றுதான். பொதுச் சொத்து கலந்துவிடாமல் காக்கும் தேவைக்காக, தீங்கு குறைந்த இடத்தில் இடப்பட்ட சூடு ஆகுமானது. முகத்தில் இட்டது சாபத்துக்குரியது. கருவியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் தேவையையும் இடத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு சொல். இப்பொருளைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும், மரத்துக்கு வலிக்கும், அது அழும் என்று உருக்கமாகப் பயான் செய்யலாமே என்று இளம் ஆலிம் ஒருவர் யோசனை சொன்னார். மிம்பர் அமைக்கப்பட்டதும், அதுவரை அண்ணலார் சாய்ந்து நின்று உரையாற்றிய பேரீச்ச மரத்தண்டு விம்மி அழுததும், அவர்கள் இறங்கிவந்து கை வைத்து அதை அமைதிப்படுத்தியதும் ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளவை. ஈமான் கொண்டோர் அதை ஐயமின்றி ஏற்கிறோம். ஆனால் அது ஒரு முஃஜிஸா. அழுததோ வெட்டப்பட்டு உலர்ந்த கட்டை. அதன் அழுகை பிரிவினால் வந்தது. ஆணி பட்ட வலியால் வந்ததன்று. அதைக் கொண்டு தோப்பிலுள்ள மரத்துக்கு நம்மைப்போல் வலி உண்டு என்று நிறுவ முற்படுவது ஹதீஸின் மீது நம் கற்பனையை ஏற்றுவதாகும். வானங்களிலும் பூமியிலும் உள்ள ஒவ்வொரு பொருளும் இறைவனைத் துதிக்கிறது, அத்துதியை நீங்கள் உணர்வதில்லை என்ற கருத்து திருமறையின் 17ஆம் அத்தியாயத்தில் வருகிறது. இரண்டு கப்ருகளின் மீது பசும் பேரீச்ச மட்டையைப் பிளந்து நட்டதற்கு, ஈரம் இருக்கும்வரை அது தஸ்பீஹ் செய்யும் என்று ஆலிம்கள் விளக்கம் கூறியிருக்கிறார்கள். துதித்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் காரணமின்றிக் கெடுக்காதே என்பதற்கு அதுவே போதும். வலிக்குமா வலிக்காதா என்ற ஆராய்ச்சிக்கு நாம் போக வேண்டியதில்லை.

இனி மிகவும் கடினமான கேள்விக்கு வருகிறேன். மரமா பெரிது, மனிதனா பெரிது? தளைக்கயிற்றை மட்டும் நம்பி நாற்பதடி, ஐம்பதடி ஏறி, வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்து பாயில் கிடக்கும் மனிதர்களை நம் ஊர்ப்புறங்களில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். முள் இருந்தால் அவன் விழமாட்டானே, ஒரு மரம் போனால் போகட்டுமே என்று ஒருவர் சொன்னால் நான் என்ன விடை சொல்வேன்? மனித உயிர் முன்னே நிற்கிறது. இதில் ஷரீஅத்துக்கு இரண்டு கருத்து இல்லை. வேறு எந்த வழியும் இல்லாத இடத்தில், முள்ளின்றி ஏறினால் ஒருவர் உயிருக்கே ஆபத்து என்றால், முள்ளோடு ஏறட்டும். அல்லது ஏறாமலே விடட்டும், நெற்று தானாக விழட்டும். ஆனால் உண்மை நிலை என்ன? எங்கள் தோப்பில் ஏறிய இருவரும் முள்ளை மட்டும் கட்டியிருந்தார்களே ஒழிய, இடுப்பைச் சுற்றி மரத்தோடு பிணைக்கும் வார் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. முள் பிடி தவறிப் பிய்ந்துகொண்டால் அவர்களும் விழத்தான் செய்வார்கள். முள் அவர்களுக்குக் கொடுத்தது வேகம்; பாதுகாப்பைக் கொடுப்பது வார்ப்பட்டையும் கயிறும்தான். பாதுகாப்பு என்று சொல்லி நாம் வேகத்தையே விலைக்கு வாங்கினோம். அந்த வேகத்துக்கான விலையை மரம் கொடுத்தது.

மேலும், வேறு வழி இல்லை என்பதும் சரியன்று. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் ஒரு விவசாயி உருவாக்கிய மரமேறும் கருவி நாடெங்கும் பரவியிருக்கிறது. இரண்டு சட்டங்களிலும் உள்ள கம்பிவட இணைப்பு மரத்தைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிறது. ஒரு காலை மாற்றி மறுகாலாகத் தூக்கித் தூக்கி ஏறலாம். தண்டில் எதுவும் குத்துவதில்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டு ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இக்கருவியைக் கொண்டு மரமேற ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தது. பெண்களும் பயின்று ஏறுகிறார்கள். வளைந்த மரத்தில் இக்கருவி சற்றுச் சிரமம் கொடுக்கும் என்பது உண்மையே. தளை போட்டு ஏறப் பழகியவர் அளவுக்கு இதில் விரைவும் இல்லை. இருக்கட்டும். வேம்பு, வாதுமை, தூங்குமூஞ்சி மரங்களுக்கோ ஏணியும் கயிறும் இடுப்பு வாரும் போதும்.

பேரீச்சையை நாம் மறந்துவிடலாகாது. அரபு நாட்டாரின் உணவும் வாழ்வும் அதுவே. மகரந்தம் தூவுவதற்கும், குலையைச் சீர்செய்வதற்கும், கனி கொய்வதற்கும், மட்டை கழிப்பதற்கும் ஆண்டில் பலமுறை அதில் ஏறியாக வேண்டும். அவர்கள் இடுப்பையும் மரத்தையும் சேர்த்து ஒரு நார்க்கயிற்றுப் பட்டையைச் சுற்றிக்கொண்டு, பழைய மட்டைகளின் அடித்தண்டுகளில் கால் வைத்து ஏறினார்கள். மட்டை கழிக்கும்போதே அடிக்கட்டையைப் படிபோல் விட்டு வெட்டினார்கள். மரமே தன்னில் ஏறுவதற்குப் படி கொடுத்தது. மனிதன் புதிதாக வெட்ட வேண்டிய தேவை எழவில்லை. நம் பனையேறிகளின் தளைநாரும் இந்த அறிவைச் சேர்ந்ததே. படிக்காதவர்கள் என்று நாம் ஒதுக்கிவைத்த மக்கள், மரத்தில் ஒரு கீறலும் படாமல் ஒரே நாளில் எத்தனையோ மரங்கள் ஏறி இறங்கினார்கள். கீறல் பட்டதெல்லாம் அவர்களின் நெஞ்சிலும் பாதத்திலும்தான். (அந்தத் தழும்புக்குக் கூலி கொடுக்க நாம் ஒருபோதும் முன்வரவில்லை என்பது தனிக் கதை.)

நம் மண்ணைச் சேர்ந்த அந்தச் சிவப்புக் கூன்வண்டு 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளுக்குள் நுழைந்து பேரீச்சந்தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2017 மார்ச்சில் ரோம் நகரில் இதற்காகவே நாடுகளைக் கூட்டி ஆலோசிக்கும் அளவுக்கு அந்த அழிவு பெரிதாயிற்று. நம் பிள்ளைகள் பலர் அந்நாடுகளில்தான் உழைக்கிறார்கள். நோன்பு திறக்க நாம் எடுக்கும் முதல் கனியும் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு சிறு வண்டு இவ்வளவு செய்யுமா என்று ஐயுறுகிறவர்கள், அங்கே வேலை செய்து திரும்பிய உறவினர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள்.

இது போன்ற விஷயங்களில் ஆலிம்களாகிய எங்களிடம் ஒரு குறை இருக்கிறது; மறைப்பதற்கில்லை. மதீனாவில் மக்கள் பேரீச்சைக்கு மகரந்தம் சேர்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதனால் பயன் இருக்கும் என்று தமக்குத் தோன்றவில்லை என்ற கருத்தில் ஏதோ சொன்னார்கள். மக்கள் விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. உலக காரியங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தில் அவர்கள் அப்போது கூறினார்கள். அல்லாஹ்வின் தூதரே உழவரிடம் உழவை விட்டுக்கொடுத்தார்கள் என்றால், ‘நோன்புக்குள் முடிந்தால் சரி’ என்று சொல்வதற்கு முன் அந்தப் பழைய மரமேறியை ஒரு வார்த்தை கேட்க நான் ஏன் நினைக்கவில்லை? அவர் வீடு பள்ளியிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் இருக்கிறது. தராசு எங்களிடம் இருக்கிறது; எடைபோட வேண்டிய பொருள் அவர்களிடம் இருக்கிறது. கேளாமல் எடைபோட்டால் தராசின் மீது குற்றமில்லை.

நான் முஃப்தி அல்லன். இதை ஃபத்வாவாக எவரும் கொள்ள வேண்டா. சொந்தத் தோட்டத்தில் ஒருவர் முள் கட்டி ஏறினால் ஹராம் என்று நான் சொல்லவில்லை. விவரம் அறியாமல் செய்தவர் மீது குற்றமும் இல்லை. ஆனால் விவரம் அறிந்த பின்னும், வேறு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், சோம்பலாலோ சில ரூபாய் மிச்சத்துக்காகவோ காய்க்கும் மரத்தைத் துளைப்பது பொருளை வீணாக்குவதில் சேரும் என்றே கருதுகிறேன். வக்ஃபுச் சொத்தில் என் கருத்து இன்னும் கண்டிப்பானது. முத்தவல்லி உரிமையாளர் அல்லர்; அமானிதக்காரர். வரம்பு மீறினாலும், காக்க வேண்டியதைக் காக்கத் தவறினாலும் இழப்பீட்டுக்கு அவர் பொறுப்பாளி என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் காய்க்கக்கூடிய ஒரு தென்னையை எவரோ ஒரு மூதாட்டி பள்ளியின் விளக்குச் செலவுக்கென்று நட்டுவிட்டுப் போயிருப்பார். அந்தத் தர்மத்தின் கணக்கு இன்னும் அவருக்கு எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதை நடுவில் அறுத்துவிட நாம் யார்?

பள்ளிவாசல் என்று சொல்லும்போது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. மீலாது விழாவுக்கும் மதரஸா ஆண்டு விழாவுக்கும் சாலையோர மரங்களில் ஆணியடித்து விளம்பரப் பலகை மாட்டுவதில் நாம் எவருக்கும் பின்வாங்கியதில்லை. மரம் நடுவதன் சிறப்பு என்ற தலைப்பில் பேசவிருப்பவரின் பெயரையே வேப்ப மரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்ததை ஓர் ஊரில் கண்டேன். சென்னை மாநகராட்சி 2019இல் மரங்களில் ஆணியடிப்போருக்குத் தண்டனை உண்டு என்று எச்சரிக்கை விடுத்தது. தண்டனைக்கு அஞ்சித்தான் நாம் விட வேண்டுமா? கயிறு கட்டித் தொங்கவிட ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் தோப்பில் எட்டு மரங்கள் நிற்கின்றன. அவற்றின் தண்டில் அந்த ஆண்டின் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒளூச் செய்ய உட்காரும்போது எதிரே அவைதான் கண்ணில் படும். சென்ற மாதக் கூட்டத்தில் கருவி கொண்டு ஏறப் பயிற்சி பெற்ற இரண்டு இளைஞர்களை அமர்த்துவதென்றும், இடுப்பு வார் கட்டாமல் எவரையும் மரமேற விடுவதில்லை என்றும், முள் கட்டி வருவோரைத் திருப்பி அனுப்பிவிடுவதென்றும் முடிவு செய்தோம். மரத்துக்கு மரம் கூலி முன்னைவிடக் கூடுதல்தான். கூடுதல் தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது, தேங்காய் வருமானத்தில் கழிப்பதா என்று பொருளாளர் கேட்டார். வக்ஃபுப் பராமரிப்பு என்றே எழுதுங்கள் என்றேன். பழைய மரமேறிப் பெரியவரிடம், அவர்கள் ஏறும் முதல் நாள் வந்து கீழே நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.